கொட்டை எழுத்து விமர்சனங்கள்

ஜூன் 4

தங்கச்சிக்கு,

புத்தகக் கட்டு வந்து சேர்ந்தது. பிரிப்பதா, அப்படியே திருப்பி அனுப்புவதா என்று ரெண்டு நாள் அதை அலமாரி மேலேயே வைத்திருந்தேன். மூன்றாம் நாள் மருந்துக் கடையில் கூட்டம் இல்லை. மருமகன் கல்லாவில் தூங்கி வழிந்தார். புத்தகம் என்ன பாவம் செய்தது என்று பிரித்துவிட்டேன்.

உள்ளே ஒரு சீட்டு. டைப் மெஷினில் அடித்தது. ‘தாங்கள் நலம் என நம்புகிறேன். இவற்றை வாசித்துத் தங்கள் மேலான கருத்தைத் தெரிவிக்கவும்.’ நான் என்னடி, உன் ஆபீஸ் மேனேஜரா? உன்னை இடுப்பில் சுமந்தவளுக்குத் தாங்களாம், தங்களாம். நாலு வரி கையால் எழுதினால் விரல் தேய்ந்துவிடுமோ? அதிலும் மூன்றாம் வரி முழுக்கப் புரியாத எழுத்து. மெஷின் கெட்டுப் போயிருக்கிறது. பழுது பார்.

பன்னிரண்டு வருஷமாக நான் உன்னோடு பேசாதது ஏன் என்று நீ மறந்திருப்பாய். நான் மறக்கவில்லை. என் மகள் கல்யாணப் பத்திரிகை ஒவ்வொன்றுக்கும் நான்தான் உட்கார்ந்து முகவரி எழுதினேன். கழுத்து பிடித்துக்கொண்டது. தபாலில் சேர்த்துவிட்டு வருகிறேன் என்று நீ வாங்கிக்கொண்டு போனாய். போய், என் எழுத்து கொட்டை கொட்டையாக இருக்கிறது, பார்க்கிறவர்கள் என்ன நினைப்பார்கள் என்று, புது உறை வாங்கி உன் முத்துமுத்தான கையால் எல்லாவற்றையும் மாற்றி எழுதிப் போட்டாய். கல்யாணத்தன்று என் கொழுந்தனார் வந்து, “யாரண்ணி அட்ரஸ் எழுதினது? அச்சு மாதிரி இருக்கே!” என்று கேட்டபோதுதான் எனக்கே தெரிந்தது. அன்றைக்கு மண்டப வாசலில் நின்று சொன்னேன், இனி உன் வீட்டு வாசப்படி மிதிக்க மாட்டேன் என்று. இன்றுவரை மிதிக்கவில்லை.

என் எழுத்து ஏன் கொட்டையாக இருக்கிறது? ஐந்தாம் வகுப்போடு நின்றவள் எழுத்து வேறு எப்படி இருக்கும்? ஏன் நின்றேன்? அம்மா வேலைக்குப் போக, தொட்டிலில் கிடந்த உன்னைப் பார்த்துக்கொள்ள நின்றேன். இதைக் குத்திக் காட்டுவதற்காக எழுதவில்லை. சரி, அதற்காகத்தான் எழுதுகிறேன்.

இனிப் புத்தகம். கொலைக் கதையை முதலில் படித்தேன். பெரிய பங்களா, பணக்காரர் செத்துக் கிடக்கிறார், ஆறு பேர் மேல் சந்தேகம். குடும்ப டாக்டர்தான் கொன்றார் என்று அவர் உள்ளே வந்து செருப்பைக் கழற்றும்போதே எனக்குத் தெரிந்துவிட்டது. மற்றவர்கள் எல்லாரும் பயத்தில் உளறுகிறார்கள். அவர் மட்டும் “எல்லாரும் சாப்பிட்டாச்சா?” என்று விசாரிக்கிறார். சாவு வீட்டில் அளவுக்கு மீறி அக்கறை காட்டுகிறவனைத்தான் முதலில் கவனிக்க வேண்டும். உன் அத்தான் போனபோது அப்படி விசாரித்த மனிதர்தான் மறுவாரமே அத்தானின் லாரியை அடிமாட்டு விலைக்குக் கேட்டார். ஆனாலும் விறுவிறு என்றுதான் போகிறது, குழம்பைத் தீய விட்டுவிட்டேன். ஒரே குறை, அத்தனை பக்கத்தில் செத்தவருக்காக ஒருத்தர்கூட அழவில்லை. எழுதினவருக்குக் கொல்லத் தெரிகிறது, எழவு கொண்டாடத் தெரியவில்லை.

இன்னொன்று வாழ்க்கையில் முன்னேறுவது எப்படி என்கிற புத்தகம். விடியுமுன் எழுந்தால் வெற்றி வருமாம். நான் கல்யாணமான நாளிலிருந்து விடியுமுன்தான் எழுகிறேன். வெற்றி வரவில்லை, பால்காரன்தான் வந்தான். இதை எழுதினவரை யார் எழுப்பிவிட்டார்கள், எழுந்ததும் காபி யார் போட்டார்கள் என்று புத்தகத்தில் எங்கேயும் இல்லை. அதைப் போட்டவளிடம் போய் வெற்றி எப்படி என்று கேட்க வேண்டும்.

கேட்டாய், எழுதினேன். இதைச் சமாதானம் என்று எடுத்துக்கொள்ளாதே.

அக்கா

*

ஜூன் 15

அன்புள்ள அக்கா,

‘தாங்கள்’ போய்விட்டது. போதுமா?

உன் கடிதம் கிடைத்தது. மெஷினைச் சரி பார்த்துவிட்டேன். விரலை ஒரு கட்டை தள்ளி வைத்துவிட்டால் வரி முழுக்க அப்படித்தான் வரும். முப்பது வருடம் அலுவலகத்தில் அடித்தவளுக்கே அப்படி நேர்கிறது, வயதாகிறது அல்லவா?

எங்கள் குடியிருப்பில் ஒரு வாசகர் வட்டம் இருப்பது உனக்குத் தெரிந்திருக்கலாம். கீழ்த்தளத்தில் கூட்ட அறையில் ஞாயிறுதோறும் கூடுவோம். ஓய்வுபெற்ற நீதிபதி ஒருவர், ஒரு பல் டாக்டர், இரண்டு ஆசிரியைகள், எதற்கெடுத்தாலும் விதிமுறை பேசும் ஒரு செயலாளர். நான் தலைவி. உன் கருத்துகளில் ஒன்றிரண்டை அங்கே பகிர்ந்துகொண்டேன். பால்காரனுக்கு நீதிபதி கண்ணில் நீர் வரச் சிரித்தார். எழவு கொண்டாடத் தெரியவில்லை என்றதைப் பல் டாக்டர் நோட்டில் எழுதிக்கொண்டார்.

இத்துடன் இன்னும் மூன்று அனுப்புகிறேன். சரித்திர நாவல் ஒன்று, ஒரு தொழிலதிபரின் தன்வரலாறு, ஒரு கவிதைத் தொகுப்பு. ஒவ்வொன்றின் கதையையும் கொஞ்சம் விரிவாகவே எழுது. யார் யார் வருகிறார்கள், கடைசியில் என்ன ஆகிறது, எல்லாம். மறுபடி நினைவுபடுத்திக்கொள்ளத்தான்.

ஒரு வேண்டுகோள். முன்பு எழுதிய அதே பட்டைப் பேனாவில், கறுப்பு மையில், அதேபோல் பெரிய பெரிய எழுத்தாகவே எழுது.

மாப்பிள்ளையையும் பேத்தியையும் கேட்டதாகச் சொல்.

அன்புடன்,
தங்கை

*

ஜூலை 2

தங்கச்சிக்கு,

பெரிய பெரிய எழுத்தாக எழுது என்று சொல்கிறாயே, உனக்கு இன்னும் கொழுப்பு அடங்கவில்லையா? அன்றைக்கு என் எழுத்தைக் குப்பையில் போட்டாய். இன்றைக்கு அதைக் கேட்டு வாங்கி, உன் நீதிபதியிடமும் பல் டாக்டரிடமும் காட்டிச் சிரிக்கிறாய். ‘பாருங்கள், என் அக்காவின் கோழிக் கிறுக்கல்!’ சிரி, சிரி. பதில் பின்னால் வருகிறது.

சரித்திர நாவல் தலையணை மாதிரி இருந்தது. நெஞ்சில் வைத்துப் படித்தேன், மூச்சு முட்டியது. இளவரசன் ஒரே குதிரையில் மூன்று நாடு தாண்டுகிறான். இளவரசிக்கு அவனைப் பார்த்ததும் காதல். அவள் தோழிக்குத்தான் எல்லா வேலையும். ஓலை கொண்டு போவது, காவலனை மயக்குவது, சுரங்கத்தில் இறங்குவது. கடைசியில் இளவரசிக்குக் கல்யாணம். தோழி என்ன ஆனாள் என்று சொல்லவே இல்லை. ஆனால் ஒன்று, அந்தக் கோட்டை முற்றுகை வருகிறது பார், பசியில் உள்ளே இருக்கிற ஜனங்கள் ஒருத்தருக்கொருத்தர் பொய் ஏப்பம் விட்டுக்காட்டுகிறார்கள். அந்த அத்தியாயத்துக்காகத் தலையணையை மன்னித்தேன். அழுதேன் என்றே வைத்துக்கொள்.

தொழிலதிபர் வெறுங்கையோடு வந்து முன்னேறினாராம். அட்டையிலேயே போட்டிருக்கிறது. படித்துப் பார்த்தால் வெறுங்கையில் மாமனார் கொடுத்த கட்டடம் இருக்கிறது. பெண்டாட்டி மொத்தம் ரெண்டு இடத்தில் வருகிறாள், கல்யாணத்தில் ஒரு தடவை, போட்டோவில் ஒரு தடவை. அந்த முகத்தைப் பார்த்தாயா? அவள் எழுதியிருந்தால் வாங்கிப் படித்திருப்பேன்.

கவிதையில் எழுத்தைவிட வெள்ளைத் தாள் அதிகம். முதலில் ஏமாற்று வேலை என்றுதான் நினைத்தேன். பேத்தி சொன்னாள், “அம்மாச்சி, சத்தமாப் படி.” படித்தேன். காலி வீட்டில் குழாய் சொட்டுகிற சத்தத்தைப் பற்றி ஒன்று இருக்கிறது. அதற்குப் பிறகு ரெண்டு நாள் எங்கள் வீட்டுக் குழாயைப் பார்த்தால் எனக்கு என்னவோ செய்தது. பிளம்பரைக் கூப்பிட்டுச் சரிசெய்தேன். கவிதை நல்லது.

இனி உனக்குப் பதில். என் கொட்டை எழுத்து உனக்கு வேடிக்கையாக இருக்கிறது இல்லையா? என் பேத்தியிடம் ஊசிமுனைப் பேனா ஒன்று இருக்கிறது. அதை வாங்கிக்கொண்டேன். இந்தப் பக்கத்துக்குப் பின்னால் மூன்று பக்கம் எறும்பு ஊர்வது மாதிரி எழுதியிருக்கிறேன். எனக்கும் வரும் என்று தெரிந்துகொள். நம் குடும்பத்தில் யார் யார் என்னென்ன செய்தீர்கள் என்று எல்லாம் அதில் இருக்கிறது. உட்கார்ந்து படி. வட்டத்திலும் வாசித்துக் காட்டு.

அக்கா

*

ஜூலை 13

அக்கா,

அந்த மூன்று பக்கங்களையும் என்னால் படிக்க முடியவில்லை.

கோபித்துக்கொண்டு தூக்கிப் போட்டேன் என்று நினைக்காதே. ஜன்னலோரம் வைத்துப் பார்த்தேன், பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தேன். தாளில் சாம்பல் பூசினாற்போல் இருக்கிறது. உன் கொட்டை எழுத்து ஒன்றுதான் இப்போது எனக்குத் தெரிகிறது. அச்சு எதுவும் தெரியவில்லை. அதனால்தான் பெரிதாக எழுதச் சொன்னேன். நான் உன் கடிதத்தை யாரிடமும் காட்டவில்லை. காட்டினால் என் குட்டு உடைந்துவிடும்.

இரண்டு கண்ணிலும் புரை. ஒன்றரை வருடமாக வளர்கிறது. டைப் அடிக்கக் கண் வேண்டாம், விரலுக்கே வழி தெரியும். அதனால் இதுவரை ஒப்பேற்றிவிட்டேன். புத்தகங்களை நான் படிக்கவே இல்லை. நீ எழுதியதை மனப்பாடம் செய்து, நான் படித்தது மாதிரி வட்டத்தில் சொல்கிறேன். ‘பகிர்ந்துகொண்டேன்’ என்று எழுதினேனே, அதற்கு அர்த்தம் இதுதான். திருட்டு என்று நீ சொல்வாய். சொல்.

ஆபரேஷன் செய்துகொள் என்பாய். அம்மாவுக்கு நடந்தது உனக்குத் தெரியாதா? கட்டை அவிழ்த்ததும் “விளக்கைப் போடுங்கடி” என்றாளே. பட்டப்பகல் அது. அந்தக் குரல் எனக்கு இன்னும் கேட்கிறது. எவ்வளவோ மாறிவிட்டது என்று எனக்கும் தெரியும். தெரிந்து என்ன? ஆஸ்பத்திரி வாசல்வரை இரண்டு முறை போய்த் திரும்பி வந்துவிட்டேன்.

மகனுக்குத் தெரியக் கூடாது. அவர் போன பிறகு இந்த வீட்டை விற்றுவிட்டு வந்துவிடு என்று அவன் சொல்லாத மாதம் இல்லை. அவன் நல்லவன்தான். ஆனால் அங்கே எனக்கென்று அவன் ஒதுக்கியிருப்பது துணி துவைக்கும் மெஷினுக்குப் பக்கத்து அறை. இங்கே எனக்கு ஒரு கதவு இருக்கிறது, அக்கா. நான் திறந்தால்தான் திறக்கும்.

இப்போது ஒரு சிக்கல். அடுத்த மாதம் வட்டத்தின் ஆண்டுக் கூட்டம். ஒரு நாவலாசிரியை நேரில் வருகிறார். அவர் முன்னிலையில் அவர் நாவலைப் பற்றித் தலைவி பேச வேண்டும். புத்தகத்தை இத்துடன் வைத்திருக்கிறேன். உன்னை விட்டால் எனக்கு ஆளில்லை.

தங்கை

*

ஜூலை 24

அடி தங்கச்சி,

பட்டைப் பேனா, கறுப்பு மை. ஒரு பக்கத்துக்கு ஏழே வரி. பேத்தியின் நோட்டுப் பேப்பர் தீர்ந்துபோச்சு. தெரிகிறதா? தெரியாவிட்டால் சொல், பெயின்ட் டப்பா வாங்கிச் சுவரில் எழுதிச் சுவரை அனுப்புகிறேன்.

ஒன்றரை வருஷமாகவாடி? படிக்கட்டு எப்படி இறங்குகிறாய்? கேஸ் அடுப்பை எப்படிப் பற்றவைக்கிறாய்? உன் புத்திக்கு என்ன ஆச்சு? அந்த மூன்று பக்கத்தைக் கிழித்துப் போடு. அதில் இருப்பது எல்லாம் உண்மைதான், இருந்தாலும் கிழித்துப் போடு. எனக்கு எல்லாம் நினைவிருக்கிறது, வேண்டும்போது மறுபடி எழுதிக்கொள்வேன்.

அம்மாவுக்கு ஆனது வேறு. கட்டோடு அவளே எழுந்து போய் விறகு பிளந்தாள். உனக்கு அப்போது விவரம் தெரியாது, எனக்குத் தெரியும். யாரிடமும் சொல்லக் கூடாது என்று சத்தியம் வாங்கியிருந்தாள், இதுவரை சொல்லவில்லை. இப்போது சொல்கிறேன். டாக்டர் மேல் தப்பில்லை, நம் அம்மாவுக்குக் கை சும்மா இருக்காது. ஆபரேஷனுக்கு வருகிறவர்கள் கடையில் சொட்டு மருந்து வாங்கும்போது நான் பார்க்கிறேனே. போன வாரம் ஒருத்தர் மருந்துச் சீட்டைத் தானே படித்துக் காட்டினார், அதுவும் என் மருமகனைத் திருத்தினார்.

உனக்கு உதவி செய்கிறேன், ஒரு நிபந்தனை. கூட்டம் முடிந்த மறுநாள் நீ ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். வாசல்வரை இல்லை, உள்ளே.

நாவல் நல்ல நாவல். இந்த வருஷம் படித்ததிலேயே இதுதான் உசத்தி. ஒருத்தி இஸ்திரிக் கடை வைத்திருக்கிறாள். புருஷன் ஒருநாள் சொல்லாமல் கொள்ளாமல் போய்விடுகிறான். கைக்குழந்தை ரெண்டு. அவள் ஒப்பாரி வைக்கவில்லை. சட்டை தேய்த்துத் தேய்த்தே வளர்க்கிறாள். சட்டையைப் பார்த்தே ஆளைப் படிக்கிறாள், காலர் அழுக்கு யாருக்கு, முழங்கை தேய்வு யாருக்கு என்று. பிள்ளைகள் வளர்ந்து வேறு வேறு பக்கம் போய்விடுகிறார்கள். கடைசியில் தலை நரைத்து, இருமிக்கொண்டு, அந்தப் புருஷன் வந்து கடை வாசலில் நிற்கிறான்.

முடிவைக் கவனமாகக் கேட்டுக்கொள், இதுதான் முக்கியம். அவள் திட்டவில்லை. அவன் போட்டிருந்த கசங்கின சட்டையைக் கழற்றச் சொல்கிறாள். தண்ணீர் தெளித்து, கை, காலர், முதுகு எல்லாம் மடிப்பு விழாமல் தேய்த்துக் கொடுக்கிறாள். “போட்டுக்கிட்டு கிளம்புங்க” என்கிறாள். அவன் போகிறான். அவள் அடுத்த சட்டையை எடுக்கிறாள். என்ன முடிவு! புத்தகத்தை மூடிவைத்துவிட்டு ஒரு வாய் வெந்நீர் குடித்தேன். நெஞ்சு நிறைந்துவிட்டது.

இதைத் தைரியமாகப் பேசு. நாவலாசிரியை உன் கையைப் பிடித்துக்கொள்வார்.

அக்கா

*

ஆகஸ்ட் 12

தாங்கள் அனுப்பிய விமர்சனத்துக்கு நன்றி. என் மானம் கப்பலேறியது.

மேடையில் நானும், நாவலாசிரியையும், நீதிபதியும். எதிரே நாற்பது பேர். நன்றாகத்தான் ஆரம்பித்தேன். காலர் அழுக்குக்குக் கைதட்டல்கூட வந்தது. அப்புறம் முடிவைச் சொன்னேன். சட்டையைக் கழற்றி, தேய்த்து, கொடுத்து, அனுப்பி. தழுதழுத்த குரலில் சொன்னேன், அக்கா. நாவலாசிரியை என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு மெதுவாக, “அம்மா, நீங்க எந்தப் புத்தகத்தைச் சொல்றீங்க?” என்றார்.

அப்படி ஒரு காட்சியே அதில் இல்லையாம். அவள் அவனை உள்ளே விட்டுவிடுகிறாளாம்!

செயலாளர் எழுந்தார். விதிமுறைக்காரர் அல்லவா? “மேடம், கடைசிப் பக்கத்தை நீங்களே வாசிச்சுடுங்களேன், குழப்பம் தீர்ந்துடும்” என்று புத்தகத்தைப் பிரித்து என் கையில் கொடுத்தார். வாங்கினேன். பார்த்தேன். சாம்பல். நாற்பது பேர் மூச்சு விடுவது கேட்டது. பல் டாக்டர் எழுந்து வந்து, என் முகத்துக்கு நேரே விரலை ஆட்டி, “மேடம், இது எத்தனை?” என்றார். நான் புத்தகத்தை மூடி, மேஜையைத் தடவி வைத்தேன். அதுவே பதில் ஆகிவிட்டது.

நல்லெண்ணத்தில் செயலாளர் அன்றே என் மகனுக்குப் போன் செய்துவிட்டார். அடுத்த வாரம் சனிக்கிழமை அவன் வருகிறான். சாமான்களைக் கட்ட ஆளுக்கும், வீட்டுக்குத் தரகருக்கும் சொல்லிவிட்டானாம். “இவ்வளவு நாள் மறைச்சியேம்மா” என்று போனில் அழுதான். அவன் அழுத பிறகு என்னால் மறுக்க முடியவில்லை. ஆஸ்பத்திரிக்கும் போகவில்லை. எந்தத் தைரியத்தில் போவது?

நான் உனக்குச் செய்தது உறை மாற்றியது. நீ எனக்குச் செய்தது இது. கணக்குத் தீர்ந்ததா?

*

ஆகஸ்ட் 17

தங்கச்சிக்கு,

நான் வேண்டுமென்று செய்யவில்லை. பழிவாங்க நினைத்திருந்தால் அதைச் சொல்லிவிட்டுத்தான் செய்திருப்பேன், உனக்கு என்னைத் தெரியும்.

உன் புத்தகத்தை அப்போதே திருப்பி அனுப்பிவிட்டதால், உன் கடிதம் வந்ததும் பேத்தி பள்ளிக்கூடத்தில் கேட்டு அந்த நாவலை வாங்கி வந்தாள். கடைசிப் பக்கத்தை மறுபடி பார்த்தேன். உள்ளே விடுகிறாள்தான். நான் முதல் தடவையும் அதைத்தான் படித்திருக்க வேண்டும். படித்து, கோபம் வந்து, மூடிவிட்டேன். அப்புறம் ரசத்துக்குப் புளி கரைக்கும்போது அவள் என்ன செய்திருப்பாள் என்று யோசித்தேன். சட்டை, காலர், மடிப்பு எல்லாம் தானாக வந்தது. உனக்கு எழுத உட்கார்ந்தபோது அதுதான் கதை என்று மனசு சாதித்துவிட்டது. ஊரில் யார் யாரை எப்போது என்ன சொன்னார்கள் என்று தேதியோடு சொல்கிறவள் நான். புத்தகம் மட்டும் பிடிக்காத இடத்தில் எனக்கு வேறு மாதிரி நினைவிருக்கிறது. இனிமேல் எந்தக் கதையானாலும் பக்கத்தைத் திறந்து வைத்துக்கொண்டு எழுதுகிறேன்.

ஆனாலும் சொல்கிறேன், என் முடிவுதான் சரி.

இப்போது விஷயத்துக்கு வருவோம். உன் மகனுக்கு நேற்று நானே போன் போட்டேன். கடை போனில்.

“பெரியம்மா! நீங்களா?” என்றான்.

“நான்தான். செத்துட்டேன்னு நினைச்சியா? சனிக்கிழமை மூட்டை கட்ட ஆள் வர்றாங்களாமே?”

“பெரியம்மா, அம்மாவால தனியா இருக்க முடியாது. கண்ணு தெரியல.”

“தெரியலன்னா தெரிய வைக்கணும். வீட்டை வித்தா கண்ணு வந்துடுமா? எந்த டாக்டர் சொன்னான்?”

“ஆபரேஷனுக்கு வர மாட்டேங்கறாங்க. பண்ணாலும் யார் பார்த்துக்கறது? எனக்கு லீவு இல்ல, இவளுக்கும் வேலை...”

“நான் பார்த்துக்கறேன்.”

 அப்புறம் கேட்டான், “நீங்கதான் அந்த வீட்டு வாசப்படியே மிதிக்க மாட்டீங்களே?”

“அது எனக்கும் உங்கம்மாவுக்கும் உள்ளது. நடுவுல நீ யாருடா?”

இப்படிப் பேசி முடித்தேன். ஆபரேஷன் ஆகிக் கண் தெரிந்தால் வீட்டைப் பற்றிப் பேச்சே எடுக்க மாட்டேன் என்று சொல்லியிருக்கிறான். தெரியாவிட்டால் நீ அவனோடு போக வேண்டும். நான் ஒப்புக்கொண்டேன். உன்னைக் கேட்காமல்தான் ஒப்புக்கொண்டேன். வேறு வழி இருந்தால் சொல், நானும் யோசித்துப் பார்த்துவிட்டேன், இல்லை.

வெள்ளிக்கிழமை பஸ்ஸில் வருகிறேன். எந்தத் தைரியத்தில் போவது என்று எழுதியிருந்தாயே, எனக்கும் பயம்தான். ரெண்டு பேரும் சேர்ந்து பயப்படுவோம். கோபமும் அப்படியே இருக்கிறது, அதையும் எடுத்துக்கொண்டுதான் வருகிறேன். சிகிச்சைக்கு வருகிறவள் விருந்தாளி இல்லை, அதனால் வாசப்படிக் கணக்கு இதில் சேராது.

அக்கா

*

செப்டம்பர் 14

அக்கா,

இதைக் கையால் எழுதுகிறேன். வலது கண்ணால் பார்த்து எழுதுகிறேன். இடது கண்ணை மூடிக்கொண்டால் கோடுகூடக் கோணாமல் வருகிறது.

நீ பஸ் ஏறின நாளிலிருந்து வீடு ஒரு மாதிரியாக இருக்கிறது. அத்தனை நாள் கூட இருந்து, வேளை தவறாமல் சொட்டு மருந்து விட்டு, தலைக்குத் தண்ணீர் படாமல் துடைத்துவிட்டு, ஆனால் ஒரு வார்த்தை பேசாமல் இருக்க உன்னால்தான் முடியும். “கண்ணைத் திற.” “மூடு.” இது ரெண்டுதான் நீ பேசினது.

நான் என்ன செய்ய? நீ வந்த அன்று எனக்குத் தெரிந்தது ஒரு புடவை நிறமும் உன் குரலும்தான். குரல் மாறவே இல்லை, அக்கா. கல்யாண மண்டப வாசலில் நின்று கத்தினாயே, அதே குரல். அதனால் அதே முகம்தான் இருக்கும் என்று இருந்துவிட்டேன். ஆபரேஷனுக்கு மறுநாள் காலையில் டாக்டர் கட்டை அவிழ்த்தார். ஜன்னல் தெரிந்தது. சுவர்க் கடிகாரம் தெரிந்தது. திரும்பினேன். பக்கத்தில் ஒரு பாட்டி உட்கார்ந்திருந்தாள். பல் இல்லை, தலையில் பாதி முடி இல்லை. “ஐயையோ, நீ எப்போ இவ்வளவு கிழவி ஆனே?” என்று வாயில் வந்துவிட்டது. டாக்டர் சிரித்தார், நர்ஸ் சிரித்தாள். நீ சிரிக்கவில்லை. நானும் சிரிக்கவில்லை. கண்ணில் தண்ணீர் விடக் கூடாது என்று சொல்லியிருந்தார்களே, அதை அடக்கவே எனக்குச் சரியாக இருந்தது.

மகன் வந்து பார்த்தான். நாள்காட்டியில் அடியில் இருக்கும் பொடி எழுத்தைப் படிக்கச் சொன்னான். படித்தேன். தரகரைப் போனில் கூப்பிட்டு, “வேண்டாம் சார்” என்றான். அப்புறம் என் கதவைத் தட்டிப் பார்த்து, கீல் தளர்ந்திருக்கிறது, ஆளை வைத்து மாற்று என்று சொல்லிவிட்டுப் போனான்.

வட்டத்தில் எழுந்து நின்று, இதுவரை நான் பேசியதெல்லாம் என் அக்காவுடையது என்று சொன்னேன். தலைவி பதவியையும் விட்டுவிட்டேன். இப்போது செயலாளர்தான் தலைவர். கூட்டம் சரியாக ஐந்து மணிக்கு ஆரம்பித்து ஆறு மணிக்கு முடிகிறது. யாரும் சிரிப்பதில்லை.

அந்த நாவலை நானே படித்தேன். முதல் பக்கத்திலிருந்து, என் கண்ணால். நீ சொன்னது தவறு. முடிவை மட்டும் வைத்துச் சொல்லவில்லை, நீ படித்த விதமே தவறு. அவள் அவனை உள்ளே விடுகிறாள், ஆனால் கடைக்கு உள்ளே. வீடு கடைக்குப் பின்னால் இருக்கிறது. அந்த நடுக்கதவைச் சாத்திக்கொள்கிறாள். அவன் அழுக்குத் துணி மூட்டைகளுக்கு நடுவே படுக்கிறான். பத்துப் பக்கத்துக்கு முன்பே அந்தக் கதவுக்கு அவளே தாழ்ப்பாள் அடித்து வைத்ததை நாவலாசிரியை எழுதியிருக்கிறார். உன் கோபத்தில் நீ அதைத் தாண்டிப் போயிருக்கிறாய். என் கருத்து இது. முழுக்க என்னுடையது.

தங்கை

*

செப்டம்பர் 22

தங்கச்சிக்கு,

உன் கையெழுத்து பார்த்தேன். பழைய முத்து இல்லை, கொஞ்சம் ஆடுகிறது. சந்தோஷம்.

தாழ்ப்பாள் சமாசாரத்தைத் திரும்பப் படித்துப் பார்த்தேன். இருக்கிறது. அதனால் என்ன? கடைக்குள் விட்டவன் ஒரு நாள் வெந்நீர் கேட்பான். இன்னொரு நாள் போர்வை கேட்பான். நடுக்கதவு எத்தனை நாள் தாங்கும்? நாவலாசிரியைக்கு வயது கம்மி. நான் சொன்னபடி விட்டிருந்தால் அவள் நிம்மதியாகச் சட்டை தேய்த்துக்கொண்டிருப்பாள். உனக்கு எழுத்து தெரிய ஆரம்பித்துவிட்டது, ஆளைத் தெரிய இன்னும் நாளாகும்.

பதவியை ஏன் விட்டாய்? அவர்களா கேட்டார்கள்? படிக்காமல் பேசினபோது தலைவியாக இருந்தாயாம், படிக்க ஆரம்பித்ததும் விட்டுவிட்டாயாம். கேட்கிறவன் கேனையன் என்றால் செயலாளர் ஏரோப்ளேன் ஓட்டுவார். போய்த் திருப்பி வாங்கு.

இத்தனை வருஷத்தில் என்னை நேருக்கு நேர் பார்த்து ‘கிழவி’ என்று சொல்ல ஒருத்தரும் துணியவில்லை. மகளும் மருமகனும் “நீங்க அப்படியேதான் இருக்கீங்க” என்றே சொல்லிச் சொல்லி என்னை நம்ப வைத்திருந்தார்கள். பஸ்ஸில் திரும்பி வரும்போது கண்ணாடி ஜன்னலில் பார்த்துக்கொண்டே வந்தேன். நீ சொன்னது சரிதான். வழி முழுக்க உன்னைத் திட்டினேன். பக்கத்து சீட்டுப் பெண் எழுந்து வேறு இடம் பார்த்துக்கொண்டாள்.

இடது கண்ணுக்கும் தேதி வாங்கு. தள்ளிப் போடாதே, உன் மகன் மனசு மாறுவதற்குள் முடித்துவிட வேண்டும். தேதி எழுதினால் முதல் நாளே வந்துவிடுவேன். சொட்டு மருந்து விடுவேன், சமைப்பேன், இந்தத் தடவை பேசவும் செய்வேன். கட்டு அவிழ்க்கும்போது மட்டும் வராந்தாவில் நின்றுகொள்கிறேன். முதலில் வேறு யாரையாவது பார்த்துத் தொலை.

அக்கா